பஸ் இலவசம், நேரம் இலவசமில்லை: மணிக்கூலித் துப்புரவு வேலையில் பயண நேரத்துக்குக் கூலி கேட்பது எப்படி?

கும்பகோணத்தில் ஒரு ஆள் சப்ளை நிறுவனத்தில் இரண்டு வருடம் வருகைப்பதிவு நோட்டு எழுதினேன். ஜவுளிக்கடை 6.30 முதல் 8.30. தாராசுரம் பள்ளிக்கூடம் 9 முதல் 11. பாபநாசம் கிளினிக் 12 முதல் 2. மொத்தம் 6 மணி நேரம். சுவாமிமலையிலிருந்து வரும் ஒரு அக்காவின் பெயருக்கு நேரே அந்த 6-ஐ நாள் தவறாமல் எழுதியது என் கைதான். எட்டரைக்கும் ஒன்பதுக்கும் நடுவில் அவர் எங்கே இருந்தார், பதினொன்றுக்கும் பன்னிரண்டுக்கும் நடுவில் என்ன செய்தார் என்று எழுத நோட்டில் கட்டமே இல்லை. கட்டம் இல்லாததால் எனக்கும் கேட்கத் தோன்றவில்லை.

ஒருநாள் அவரே கேட்டார். "ஏன் தம்பி, பதினோரு மணிக்கு மாப்பையும் வாளியையும் தூக்கிக்கிட்டு பாபநாசம் பஸ் ஏறுறேனே, நான் என்ன எங்க அத்த வூட்டுக்கா போறேன்?"

அதற்கு என்னிடம் பதில் இருக்கவில்லை. அந்த வேலையை விட்ட பிறகு இதே தொழிலில் இருப்பவர்களுக்கு மனு எழுதிக் கொடுத்து வருகிறேன். அந்த அனுபவத்தில் தெரிந்ததை, செய்ய வேண்டிய வரிசையிலேயே சொல்கிறேன்.

நடவுக்கும் அறுப்புக்கும் இயந்திரம் வந்த பிறகு, தஞ்சாவூர், திருவாரூர், மயிலாடுதுறை, நாகப்பட்டினம் பக்கத்து ஊர்களில் வயலுக்குப் போய்க்கொண்டிருந்த பெண்கள் நிறையப் பேர் ஹவுஸ்கீப்பிங் வேலைக்கு வந்துவிட்டார்கள். ஒரே ஆஸ்பத்திரியில் எட்டு மணி நேரம் நிற்பவர்களுக்குக் கணக்கு எளிது. இரண்டு மணி நேரம் இங்கே, இரண்டு மணி நேரம் அங்கே என்று பாயிண்ட், அதாவது வேலை செய்யும் இடம், மாறுகிறவர்களுக்குத்தான் நஷ்டம் அதிகம். இந்தக் கட்டுரை அவர்களுக்கானது.

முதலில்: எந்தப் பயணம் உங்களுடையது, எது அவர்களுடையது?

வீட்டிலிருந்து முதல் பாயிண்டுக்கு வருவதும், கடைசி பாயிண்டிலிருந்து வீடு திரும்புவதும் பொதுவாக உங்கள் நேரம். அதற்குக் கூலி கேட்டால் நிற்காது. இதை முதலிலேயே ஒத்துக்கொள்ளுங்கள். எல்லாவற்றையும் சேர்த்துக் கேட்டால், நியாயமான பகுதியும் அதோடு சேர்ந்து அடிபட்டுப் போகும்.

முதல் பாயிண்டில் வேலை தொடங்கியதிலிருந்து கடைசி பாயிண்டில் வேலை முடியும்வரை, சூப்பர்வைசர் சொன்ன இடத்துக்குச் சொன்ன நேரத்துக்குப் போய்ச் சேரச் செலவாகும் நேரம் நிறுவனத்தின் நேரம். நடப்பதும், பஸ்ஸுக்கு நிற்பதும், பஸ்ஸில் போவதும் இதில் அடங்கும். மன்னார்குடியிலிருந்து தஞ்சாவூர் போகிறவர்கள் நீடாமங்கலம் ரயில்வே கேட்டில் நின்று பார்த்திருப்பார்கள். அங்கே நிற்கும் இருபது நிமிடமும் இந்தக் கணக்கில்தான் வரும்.

இரண்டு இடங்களில் கவனம் தேவை. காலையில் நேரே பாயிண்டுக்குப் போகாமல், "ஆபீஸ்ல வந்து சாவியும் பினாயிலும் வாங்கிட்டுப் போங்க" என்று சொல்லியிருந்தால், உங்கள் வேலை நேரம் ஆபீஸ் வாசலிலேயே தொடங்கிவிடுகிறது. அங்கிருந்து முதல் பாயிண்டுக்குப் போவதும் கணக்கில் சேரும். அடுத்தது வேன். வேளாங்கண்ணித் திருவிழா நடக்கும் ஆகஸ்ட் 29 முதல் செப்டம்பர் 8 வரை, லாட்ஜ்களுக்கு ஆள் ஏற்றிக்கொண்டு போவார்கள். விடியற்காலையில் ஒரு இடத்தில் கூடச் சொல்லி, எல்லோரும் வரும்வரை காக்க வைத்து, பிறகு வண்டி கிளம்பும். ராத்திரி திரும்பும்போதும் இதே கதை. "வண்டி நாங்கதானே வச்சோம்" என்பார்கள். வண்டி வைத்தது அவர்கள் வசதிக்காக. அதில்தான் வர வேண்டும், இத்தனை மணிக்கு இங்கே நிற்க வேண்டும் என்று கட்டாயம் இருந்தால், அந்த நேரத்தையும் தனியாகக் குறித்து வையுங்கள்.

நடுவில் 11 மணியிலிருந்து 4 மணிவரை வேலை இல்லாமல் இருந்து, நீங்கள் வீட்டுக்குப் போய்ச் சமைத்துவிட்டு வர முடிந்தால், அந்த ஐந்து மணி நேரமும் வேலை நேரம் ஆகாது. அடுத்த இடத்துக்குப் போக ஆகும் நேரத்தை மட்டும் கேளுங்கள். ஆனாலும் தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம், 1947 இதற்கு ஒரு வரம்பு வைத்திருக்கிறது. இடைவேளைகளையும் சேர்த்து ஒரு நாளின் வேலை 12 மணி நேரத்துக்கு மேல் நீளக் கூடாது. காலை 6-க்கு வங்கி, ராத்திரி 8-க்குக் கல்யாண மண்டபம் என்று ஒரே ஆளை ஓட்டுவது அந்த வரம்பைத் தாண்டுகிறது.

சட்டம் எங்கே துணை நிற்கிறது

உள்ளதை உள்ளபடி சொல்ல வேண்டும். அமெரிக்காவிலும் பிரிட்டனிலும், வேலை நாளின் நடுவே ஒரு வேலையிடத்திலிருந்து இன்னொன்றுக்குப் போகும் நேரத்தை வேலை நேரமாகக் கணக்கிடச் சொல்லும் விதிகள் உண்டு. நம் கூலிச் சட்டத்தில் அப்படி ஒற்றை வரி கிடையாது. ஆகவே நம் ஊரில் இதை வேறு வழிகளில்தான் நிலைநாட்ட வேண்டும். நான் எழுதும் மனுக்களில் மூன்று வழிகளையும் சேர்த்தே எழுதுகிறேன்.

முதல் வழி, குறைந்தபட்சக் கூலி. இதுதான் எல்லாவற்றிலும் பலமானது. சுவாமிமலை அக்காவுக்கு மணிக்கு 60 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். 6 மணி நேரத்துக்கு 360 ரூபாய். ஆனால் அவர் நிறுவனத்துக்காகச் செலவிட்ட நேரம் ஏழரை மணி. 360-ஐ ஏழரையால் வகுத்தால் மணிக்கு 48 ரூபாய்தான் வருகிறது. உங்கள் வேலைக்கு அரசு நிர்ணயித்த அன்றைய கூலியை எட்டால் வகுத்துப் பாருங்கள். அந்த எண்ணைவிட உங்கள் எண் குறைவாக இருந்தால், பேச்சு "பயணப்படி" என்ற இடத்தைத் தாண்டிவிடுகிறது. குறைந்தபட்சக் கூலிக்கும் கீழே கொடுத்திருக்கிறார்கள் என்பதுதான் அப்போது உங்கள் புகார். தமிழ்நாட்டில் குறைந்தபட்சக் கூலியோடு சேரும் அகவிலைப்படி ஆண்டுதோறும் ஏப்ரல் 1-இல் மாறும். மத்திய அரசின் வரம்பில் வரும் வேலைகளுக்கு ஏப்ரல் 1, அக்டோபர் 1 என்று வருடத்தில் இரண்டு முறை மாறும். பழைய பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு கணக்குப் போடாதீர்கள்.

இரண்டாவது வழி, முழுநாள் கூலி. 2025 நவம்பர் 21-இல் நடைமுறைக்கு வந்த ஊதியச் சட்டத் தொகுப்பு, 2019-இன் 10-ஆவது பிரிவு இதைச் சொல்கிறது. நாள் கணக்கில் குறைந்தபட்சக் கூலி நிர்ணயிக்கப்பட்ட வேலையில், ஒருவர் முழு நேரம் வேலை செய்யாதது அவருடைய விருப்பமின்மையால் அல்ல என்றால், முழுநாள் கூலி அவருக்கு உண்டு. 1948-இன் பழைய சட்டத்திலும் இது இருந்தது. "உங்களுக்கு ஆறு மணி நேர வேலைதான் குடுத்தோம்" என்று நிறுவனம் சொல்வதே உங்களுக்குச் சாதகமாகிவிடுகிறது. மீதி நேரத்துக்கு வேலை கொடுக்காதது அவர்கள்தானே?

மூன்றாவது, ஒரு ஒப்புமை. 2025 நவம்பர் வரை இருந்த 1961-இன் மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம், தொழிலாளி முதலாளியின் வசத்தில் இருக்கும் நேரத்தையே வேலை நேரம் என்றது. வண்டி கிளம்பும், சேரும் நிலையத்தில் பதினைந்து நிமிடத்துக்குள் சும்மா காத்திருக்கும் நேரமும் அதில் அடங்கியது. துப்புரவுப் பணிக்கு அந்தச் சட்டம் நேராகப் பொருந்தாது. ஆனால் வேலை நேரம் என்றால் என்ன என்று அதிகாரியிடம் விளக்கும்போது கைகொடுக்கும்.

நீங்கள் தொழிலாளியா, "பார்ட்னரா"?

பயண நேரத்தைக் கேட்டதும் முதலில் எடுத்து நீட்டப்படும் காகிதம் இது. வேலைக்குச் சேரும்போது 20 ரூபாய் பத்திரத்தில் கையெழுத்து வாங்கியிருப்பார்கள். அதில் "சுயதொழில் செய்பவர்", "சேவை வழங்குநர்", "பார்ட்னர்", "கமிஷன் அடிப்படை" என்று ஏதாவது ஒன்று இருக்கும். சம்பளம் என்ற சொல்லே இருக்காது, "சேவைக் கட்டணம்" என்றுதான் இருக்கும். பி.எஃப்., இ.எஸ்.ஐ., ஓவர்டைம் எல்லாவற்றிலிருந்தும் கழன்றுகொள்ள அந்த ஒரு சொல் போதும் என்று நினைக்கிறார்கள்.

டெல்டாக்காரர்களுக்கு இது புதிய வித்தை இல்லை. 1952-இல் தஞ்சாவூர்ப் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்தபோது, பண்ணையாள் என்று பெயர் இருந்தவருக்குத்தான் பாதுகாப்பு. அதனால் பண்ணையாளைக் கணக்குத் தீர்த்து அனுப்பிவிட்டு, தினக்கூலி ஆளை வைத்துக்கொண்ட மிராசுகள் உண்டு. வயல் அதே வயல், வேலையும் அதே வேலை. மாறியது பெயர் மட்டும். நம் தாத்தா பாட்டிகள் பார்த்ததைத்தான் நாம் மாப்பும் கையுமாகப் பார்க்கிறோம்.

நீதிமன்றங்கள் பெயரைப் பார்ப்பதில்லை, கட்டுப்பாடு யார் கையில் என்று பார்க்கின்றன. 1956-இல் உச்ச நீதிமன்றம் சௌராஷ்டிரத்து உப்பளத் தொழிலாளர்கள் வழக்கில் தீர்ப்புச் சொன்னது. அவர்களுக்கு மாதச் சம்பளம் கிடையாது, எடைக்குத்தான் கூலி. தங்கள் குடும்பத்தாரையும் வேறு ஆட்களையும் உதவிக்கு வைத்துக்கொள்ளலாம். அதனால் அவர்கள் ஒப்பந்தக்காரர்கள் என்று கம்பெனி வாதாடியது. வேலை எப்படி நடக்க வேண்டும் என்பதைத் தொடக்கம் முதல் முடிவுவரை கம்பெனியே மேற்பார்வையிட்டது, ஆகவே அவர்கள் தொழிலாளர்களே என்றது நீதிமன்றம். வேதாரண்யத்து உப்பளங்களைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். 1978-இல் கேரளக் கயிற்றுத் தொழிற்சாலை வழக்கில், நடுவில் கான்ட்ராக்டர் என்று ஒருவரை நிறுத்தினாலும் திரையை விலக்கி உண்மையான முதலாளி யாரென்று பார்க்க வேண்டும் என்று நீதிபதி வி.ஆர்.கிருஷ்ணய்யர் எழுதினார். 2024 டிசம்பரில், மத்திய நீர் ஆணையத்தில் வருடக்கணக்கில் "பகுதி நேரம்", "தற்காலிகம்" என்ற பெயரில் துப்புரவு வேலை பார்த்த பெண்களைப் பணி நிரந்தரம் செய்யச் சொன்னது உச்ச நீதிமன்றம். அது அரசு வேலை பற்றிய வழக்கு. ஆனாலும் ஒட்டிய பெயரைத் தாண்டி உண்மையான வேலையைப் பார்க்க வேண்டும் என்ற பாடம் நமக்கும் உதவும்.

உங்கள் நிலையைச் சோதிக்க இந்தக் கேள்விகளை உங்களிடமே கேட்டுக்கொள்ளுங்கள். எத்தனை மணிக்கு எங்கே போக வேண்டும் என்று முடிவு செய்வது யார்? மாப், ஆசிட், கையுறை யார் வாங்குகிறார்கள்? உடம்பு சரியில்லாத நாளில் யாரையும் கேட்காமல் உங்கள் தங்கையை அனுப்ப முடியுமா? ஜவுளிக்கடைக்காரரிடம் நீங்களே விலை பேச முடியுமா? பத்து நிமிடம் லேட்டானால் பிடிக்கிறார்களா? யூனிஃபார்மும் அடையாள அட்டையும் உண்டா? "இந்த பாயிண்ட் உங்களுக்கு வேணாம்" என்று உங்களைத் தூக்கும் அதிகாரம் யாரிடம் இருக்கிறது?

எங்கள் தெருவில் தண்ணீர்த் தொட்டி கழுவும் ஒருவர் இருக்கிறார். சொந்த மெஷின், சொந்த பைக். தொட்டியைப் பார்த்துவிட்டு அவரே விலை சொல்வார், அவருக்கு ஒழியும் நாளில் வருவார். பிடிக்காத வீட்டுக்கு வர மாட்டார். சுயதொழில் என்றால் அது. மேலே கேட்டவற்றுக்கு உங்கள் பதில் அவரைப் போல இல்லையென்றால், பத்திரத்தில் என்ன எழுதியிருந்தாலும் நீங்கள் தொழிலாளிதான். கையெழுத்துப் போட்டுவிட்டோமே என்று பயப்பட வேண்டாம். சட்டப்படி சேர வேண்டிய தொகையை விட்டுக்கொடுப்பதாக எழுதும் ஒப்பந்தம் செல்லாது என்று ஊதியச் சட்டத் தொகுப்பின் 60-ஆவது பிரிவு சொல்கிறது.

இன்னொரு கணக்கையும் பாருங்கள். பயண நேரத்தைச் சேர்த்தால் சுவாமிமலை அக்காவுக்கு ஒரு நாளைக்கு ஏழரை மணி நேரம். முழுநேர வேலைக்கு அரை மணிதான் குறைவு. அந்த ஒன்றரை மணியை நோட்டிலிருந்து எடுத்துவிட்டதால்தான் அவரைப் "பார்ட் டைம்" என்று சொல்ல முடிந்தது. கூலிப் பிரச்சினையும் பெயர்ப் பிரச்சினையும் ஒன்றையொன்று தாங்கி நிற்கின்றன.

ஏஜென்சி இல்லாமல் வீட்டுக்காரர்களிடமே நேரடியாக வேலை செய்கிறவர்களின் நிலைமை வேறு. வீட்டுப் பணியாளர்களுக்கென 2007-இல் தமிழக அரசு தனி நலவாரியம் அமைத்தது. அவர்கள் முதலில் அதில் பதிந்துகொள்ளட்டும். ஏஜென்சி அனுப்பி வீடுகளுக்குப் போகிறவர்களுக்கு இந்தக் கட்டுரை பொருந்தும்.

நோட்டுப் போடுங்கள், இன்றைக்கே

நிறுவனத்து நோட்டில் இல்லாத கட்டம் உங்கள் நோட்டில் இருக்கட்டும். பத்து ரூபாய் நோட்டு போதும். ஒரு நாளைக்கு ஒரு பக்கம். முதல் பாயிண்டில் நுழைந்த நேரம், வெளியே வந்த நேரம், எதில் போனீர்கள், அடுத்த பாயிண்டில் நுழைந்த நேரம், யார் போகச் சொன்னது. இவ்வளவுதான். எழுதப் படிக்கச் சிரமமானால் பிள்ளைகளிடம் அன்றன்றே சொல்லி எழுத வையுங்கள். மாதக் கடைசியில் மொத்தமாக உட்கார்ந்து எழுதிய நோட்டு பார்த்தாலே தெரியும். ஒரே பேனா, ஒரே சாய்வு, எல்லா நாளும் ஒரே நேரம். ஒருநாள் 40 நிமிடம், ஒருநாள் 65 நிமிடம் என்று உள்ளது உள்ளபடி இருக்கும் நோட்டைத்தான் நம்புவார்கள்.

நோட்டுக்குச் சாட்சி வேண்டும். அது உங்கள் கைப்பையிலும் போனிலும் ஏற்கெனவே இருக்கிறது.

பெண்களுக்குச் சாதாரணக் கட்டண நகரப் பேருந்தில் 2021 மே முதல் கட்டணம் இல்லை. கண்டக்டர் கொடுக்கும் காசில்லாத டிக்கெட்டை யாரும் பத்திரப்படுத்துவதில்லை, இறங்கியதும் கசக்கி எறிந்துவிடுகிறோம். அது நீங்கள் அன்றைக்கு அந்த வழியில் போனதற்குச் சான்று. எழுத்து சீக்கிரம் மங்கிவிடும், அதனால் அன்றன்றே போட்டோ எடுத்துவிட்டு டிக்கெட்டை நோட்டுப் பக்கத்தில் ஒட்டுங்கள்.

அடுத்தது சூப்பர்வைசர் கேட்டு வாங்கும் ஜிபிஎஸ் போட்டோ. "வந்ததும் ஒரு போட்டோ, முடிச்சதும் ஒரு போட்டோ குரூப்ல போடுங்க" என்பார்களே, அதில் இடம், தேதி, மணி எல்லாம் அச்சாகியிருக்கும். தாராசுரத்தில் 11.02, பாபநாசத்தில் 11.57 என்று இரண்டு போட்டோ இருந்தால் நடுவிலிருக்கும் 55 நிமிடத்தை யாராலும் மறைக்க முடியாது. உங்களைக் கண்காணிக்கக் கேட்ட படங்கள்தான் உங்கள் பயணத்துக்கு ஆதாரம். போனில் இடமில்லை என்று அழித்துவிடாதீர்கள். "அக்கா 12 மணிக்கு கிளினிக் போயிடுங்க" என்ற வாட்ஸ்அப் செய்தியும் குரல் பதிவும் யார் உத்தரவு போட்டது என்பதைக் காட்டும். குரூப்பிலிருந்து உங்களை நீக்குவதற்கு முன்பே ஸ்கிரீன்ஷாட் எடுத்து, வீட்டில் இன்னொருவர் போனுக்கும் அனுப்பி வையுங்கள். பழைய போனை விற்காதீர்கள். மூலப் பதிவு அதில்தான் இருக்கிறது.

கூலி கையில் ரொக்கமாக வந்தால், வாங்கிய தேதியையும் தொகையையும் நோட்டில் எழுதுங்கள். யூனிஃபார்முக்கு, மாப் உடைந்ததற்கு, வேனுக்கு என்று நீங்கள் திருப்பிக் கொடுத்த காசையும் எழுதுங்கள். தொழிலாளி முதலாளிக்கோ அவருடைய ஆளுக்கோ கொடுக்கும் பணமும் சட்டத்தில் சம்பளப் பிடித்தமாகவே கருதப்படும். அனுமதிக்கப்பட்ட காரணத்துக்கு வெளியே பிடித்தால் அதையும் திரும்பக் கேட்கலாம்.

கணக்குப் போடுங்கள்

ஒரு நாளைக்கு விடுபட்டது ஒன்றரை மணி. மாதம் 26 நாள் என்றால் 39 மணி நேரம். மணிக்கு 60 ரூபாய் வீதம் 2,340 ரூபாய். வருடத்துக்கு 28,080 ரூபாய். ஒரு பிள்ளையின் படிப்புச் செலவு. இந்த எண்ணை முதன்முதலில் எழுதிக் காட்டியபோது அந்த அக்கா வெகுநேரம் பேசவே இல்லை.

மாதவாரியாகப் பிரித்து ஒரே தாளில் எழுதுங்கள். நீங்கள் வராத நாட்களைக் கழித்துவிடுங்கள். பத்து நாள் கூட்டிச் சொன்னது கண்டுபிடிக்கப்பட்டால் மீதி இரண்டு வருடக் கணக்கையும் நம்ப மாட்டார்கள்.

பேசுங்கள், ஆனால் தனியாகப் போகாதீர்கள்

ஒரே நிறுவனத்தில் இதே மாதிரி பாயிண்ட் மாறும் மூன்று நான்கு பேராவது சேருங்கள். ஒருவர் கேட்டால் "அந்தம்மாவுக்கு வாய் அதிகம்" என்று பேர் கட்டிவிடுவார்கள். நான்கு பேர் கேட்டால் அப்படித் தள்ளிவிட முடியாது. சூப்பர்வைசரிடம் சண்டை போட்டுப் பயனில்லை. பெரும்பாலும் அவரும் குறைந்த சம்பளத்தில் இருப்பவர்தான், முடிவு அவர் கையில் இல்லை.

என்ன பதில் வரும் என்று எனக்குத் தெரியும். அந்தப் பதில்களைச் சொல்லப் பழகியவன் நான். "பஸ்தான் ஃப்ரீயாச்சே" என்பார்கள். பஸ் கட்டணத்தை அரசு விட்டுக்கொடுத்தது, உங்கள் நேரத்தை அரசு யாருக்கும் எழுதிக் கொடுக்கவில்லை. நீங்கள் கேட்பது படி இல்லை, கூலி. "கஸ்டமர் பாயிண்ட் மணிக்குத்தான் குடுக்குறார்" என்பார்கள். கஸ்டமரிடம் என்ன விலை பேசினார் என்பது கான்ட்ராக்டரின் வியாபாரம், அதன் நஷ்டத்தை உங்கள் கூலியில் கழிக்க முடியாது. "நடுவுல டீ குடிக்கிறீங்களே" என்பார்கள். பத்து நிமிடம் குடித்திருந்தால் அதைக் கழித்துக்கொள்ளச் சொல்லுங்கள். நோட்டு கையில் இருந்தால் இந்தப் பேச்சில் குரலை உயர்த்தவே தேவையில்லை.

வாய்ப்பேச்சில் ஒத்துக்கொண்டால் அன்றைக்கே குரூப்பில் ஒரு செய்தி போடுங்கள். "சார், இன்னிக்குப் பேசினபடி ஒண்ணாந்தேதியிலேர்ந்து பாயிண்ட் மாறுற நேரமும் கணக்குல வரும்னு சொன்னீங்க, நன்றி சார்." மறுக்காமல் விட்டால் அதுவும் ஒரு பதிவு.

கடிதம்

பேச்சு நகரவில்லை என்றால் எழுத்தில் கேளுங்கள். அதிகாரியிடம் போகும்போது "முதலில் நிறுவனத்திடம் கேட்டீர்களா" என்ற கேள்வி கட்டாயம் வரும். நான் எழுதிக் கொடுக்கும் கடிதம் ஏறக்குறைய இப்படி இருக்கும்:

"ஐயா, தங்கள் நிறுவனத்தில் துப்புரவுப் பணியாளராக வேலை செய்து வருகிறேன். தங்கள் மேற்பார்வையாளர் குறிப்பிடும் வரிசையிலும் நேரத்திலும் தினமும் மூன்று இடங்களில் பணி செய்கிறேன். காலை 6.30 மணிக்கு முதல் இடத்தில் தொடங்கும் பணி, பகல் 2 மணிக்குக் கடைசி இடத்தில் முடிகிறது. இடையில் இடம் மாறுவதற்கு ஆகும் ஒன்றரை மணி நேரத்துக்கு இதுவரை கூலி வழங்கப்படவில்லை. கடந்த மூன்று மாதங்களில் 78 வேலை நாட்களில் இவ்வாறு விடுபட்ட நேரம் 117 மணி. மணிக்கு 60 ரூபாய் வீதம் எனக்கு வர வேண்டிய தொகை 7,020 ரூபாய். நாள்வாரிக் கணக்கு இணைக்கப்பட்டுள்ளது. இத்தொகையை 15 நாட்களுக்குள் வழங்கவும், இனிவரும் மாதங்களில் இந்நேரத்தை வருகைப்பதிவில் சேர்க்கவும், எனக்குச் சம்பள ரசீது வழங்கவும் கேட்டுக்கொள்கிறேன்."

இதில் கோபமான சொல் ஒன்றுகூட வேண்டாம். சட்டப் பிரிவுகளையும் இப்போதே அடுக்க வேண்டாம். ஒரு நகல் எடுத்துவைத்து, ஸ்பீடு போஸ்ட்டில் அனுப்பி, ரசீதையும் சேர்ந்ததற்கான சான்றையும் நோட்டோடு வையுங்கள். கிளினிக், பள்ளிக்கூடம், கடை ஆகிய இடங்களின் நிர்வாகத்துக்கும் ஒரு நகல் அனுப்பலாமா என்று கேட்பார்கள். அனுப்பலாம். கான்ட்ராக்டர் கொடுக்காமல் போனால், வேலை நடந்த இடத்தின் உரிமையாளர் பொறுப்பாவார் என்று ஊதியத் தொகுப்பின் 43-ஆவது பிரிவு சொல்கிறது. பல இடங்களில் அந்த நகல்தான் காரியத்தை முடித்துவைக்கிறது.

எந்த அலுவலகம்?

தனியார் கடை, பள்ளி, ஆஸ்பத்திரி, லாட்ஜ், மண்டபம் என்றால் மாநிலத் தொழிலாளர் துறை, அதாவது உங்கள் மாவட்டத் தொழிலாளர் அலுவலகம். தேசியமயமாக்கப்பட்ட வங்கி, ரயில் நிலையம் போன்ற இடங்களில் வேலை என்றால் மத்திய தொழிலாளர் ஆணையரின் கீழுள்ள அலுவலகம். காலையில் வங்கி, பிறகு பள்ளிக்கூடம் என்று கலந்து இருந்தால் இரண்டு மனு எழுதுங்கள். தவறான மேஜையில் கொடுத்த மனு மாதக்கணக்கில் சுற்றும்.

திங்கட்கிழமை கலெக்டர் அலுவலகக் குறைதீர் நாளில் கொடுத்தாலும் மனு தொழிலாளர் துறைக்குத்தான் வரும். மனு எண்ணை வாங்காமல் திரும்ப வேண்டாம்.

ஊதியத் தொகுப்பின் 45-ஆவது பிரிவின் கீழ் மூன்று வருடம்வரை பின்னோக்கிக் கேட்கலாம். தொகை உண்டென்று முடிவானால், அதோடு பத்து மடங்குவரை இழப்பீடு விதிக்கவும் அதிகாரிக்கு அதிகாரம் உண்டு. ஒரே நிறுவனத்தில் எத்தனை பேர் இருந்தாலும் ஒரே மனுவாகக் கொடுக்கலாம், உங்கள் பதிவுபெற்ற சங்கமே உங்களுக்காகக் கொடுக்கலாம். 59-ஆவது பிரிவுதான் இதில் எனக்கு மிகவும் பிடித்தது. கூலி கொடுக்கவில்லை, குறைத்துக் கொடுத்தார்கள் என்று நீங்கள் கேட்டால், கொடுத்துவிட்டோம் என்று நிரூபிக்கும் சுமை முதலாளி தலையில்தான்.

இதோடு சேர்த்து ஒரு வரி எழுதுங்கள்: "என்னைத் தொழிலாளியாகப் பதிவு செய்யாததால் பி.எஃப்., இ.எஸ்.ஐ. உரிமைகள் மறுக்கப்பட்டுள்ளன." 20 பேரோ அதற்கு மேலோ இருந்தால் பி.எஃப்., 10 பேரோ அதற்கு மேலோ இருந்தால் இ.எஸ்.ஐ. ஆள் எண்ணிக்கையைக் குறைத்துக் காட்ட, மனைவி பெயரில் ஒன்று, மைத்துனர் பெயரில் ஒன்று என்று நிறுவனத்தைப் பிரித்து வைத்திருப்பார்கள். ஒரே சூப்பர்வைசர், ஒரே வாட்ஸ்அப் குரூப், ஒரே யூனிஃபார்ம் என்று காட்டினால் அந்தப் பிரிவினை நிற்காது. குரூப் உறுப்பினர் பட்டியலின் ஸ்கிரீன்ஷாட் ஒன்றே அங்கே நிறைய வேலை செய்யும்.

அரசு மருத்துவமனை, நகராட்சி, அரசுக் கல்லூரி என்றால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய் கட்டணத்தில் ஒரு மனு போடுங்கள். டெண்டரில் ஒரு பணியாளருக்கு எவ்வளவு கூலி, எத்தனை மணி நேரம் என்று கான்ட்ராக்டர் எழுதிக் கொடுத்தார் என்று கேளுங்கள். 30 நாளில் பதில் வர வேண்டும். அதில் இருக்கும் எண்ணும் உங்கள் கையில் வந்த எண்ணும் ஒன்றாக இருக்காது.

வக்கீல் செலவை நினைத்து நின்றுவிட வேண்டாம். மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் பெண்களுக்கு வருமானம் பார்க்காமல் இலவச சட்ட உதவி உண்டு. 15100 என்ற எண்ணில் கூப்பிடலாம்.

பழிவாங்கல் நடக்கும். மனு கொடுத்த மறுநாள் "அந்த பாயிண்ட் முடிஞ்சிடுச்சும்மா" என்று வீட்டில் உட்கார வைப்பார்கள், அல்லது தூரத்து பாயிண்டாகப் பார்த்துப் போடுவார்கள். நின்றுபோன தேதியையும் யார் சொன்னார் என்பதையும் எழுதுங்கள். "வேலைக்குத் தயாராக இருக்கிறேன், எங்கே வர வேண்டும் சார்" என்று தினமும் காலையில் ஒரு செய்தி போடுங்கள். நீங்களாக நின்றுவிட்டீர்கள் என்று பிறகு சொல்ல முடியாது. தொடர்ந்து ஆறு மாதம் வேலை செய்தவரைத் தக்க காரணமும் ஒரு மாத முன்னறிவிப்போ அதற்கான சம்பளமோ இல்லாமல் நிறுத்தக் கூடாது என்று கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தின் 41-ஆவது பிரிவு சொல்கிறது.

வழியில் அடிபட்டால்

பயணம் வேலையின் பகுதிதானா என்ற கேள்வி மிகவும் வலிக்கும் இடம் இதுதான். பாயிண்ட் மாறும் அவசரத்தில் பஸ்ஸிலிருந்து இறங்கும்போது விழுந்தவர்களையும், சூப்பர்வைசர் பைக்கின் பின்னால் உட்கார்ந்து போய் அடிபட்டவர்களையும் பார்த்திருக்கிறேன். "வேலை இடத்துல விழலையே" என்று நிறுவனம் கைவிரிக்கும்.

இ.எஸ்.ஐ. சட்டத்தில் 2010-இல் சேர்த்த 51இ பிரிவின்படி, வீட்டிலிருந்து வேலைக்கும் வேலையிலிருந்து வீட்டுக்கும் போகும் வழியில் நடக்கும் விபத்தும், நேரமும் இடமும் வேலையோடு தொடர்புபட்டிருந்தால், வேலையால் வந்த காயமாகவே கருதப்பட்டது; 2025 நவம்பர் 21 முதல் அந்தச் சட்டத்தின் இடத்துக்கு வந்த சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பிலும் இந்த விதி தொடர்கிறது. 2025 ஜூலையில் உச்ச நீதிமன்றம், மகாராஷ்டிரத்துச் சர்க்கரை ஆலைக் காவலாளி ஒருவர் வேலைக்குப் போகும் வழியில் இறந்த வழக்கில், தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டத்துக்கும் அதே பொருள்தான் என்று சொன்னது. வீட்டிலிருந்து வரும் வழிக்கே அப்படி என்றால், ஒரு பாயிண்டிலிருந்து இன்னொரு பாயிண்டுக்குப் போகும் வழியை எப்படி விலக்க முடியும்? இ.எஸ்.ஐ.யில் பதிவு இருந்தால், வேலை செய்ய முடியாத நாட்களுக்குச் சராசரி தினக்கூலியில் 90 சதவீதம் கிடைக்கும்.

இதற்கெல்லாம் ஆஸ்பத்திரியில் முதல் அரை மணி நேரத்தில் என்ன எழுதப்படுகிறது என்பது முக்கியம். வலியில் நாம் "பஸ்ல விழுந்துட்டேன் டாக்டர்" என்று மட்டும் சொல்லிவிடுகிறோம். விபத்துப் பதிவேட்டில் அதுதான் ஏறும். தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரியோ, கும்பகோணம் அரசு மருத்துவமனையோ, பக்கத்துக் கிளினிக்கோ, எங்கே கொண்டுபோனாலும் கூடப் போகிறவர் இதைச் சொல்லட்டும்: "தாராசுரத்துல வேலை முடிச்சிட்டு, பாபநாசத்துல அடுத்த வேலைக்குப் போற வழியில விழுந்தாங்க. கம்பெனி பேரு இது." அந்த வரி பதிவேட்டில் ஏறியதா என்று பார்த்துவிட்டு, நகலுக்கு எழுதிக் கொடுத்துவிட்டு வெளியே வாருங்கள்.